ஒலிம்பிக் மாணவனுக்காக வீட்டை அடமானம் வைத்த கல்லூரி முதல்வர்... யார் இந்த கே.டி.ஜாதவ்?

ஒரு கல்லூரி முதல்வர் தன்னோட சொந்த வீட்டை 7,000 ரூபாய்க்கு அடமானம் வைக்கிறார். பிள்ளையோட படிப்புச் செலவுக்கோ, பொண்ணு கல்யாணத்துக்கோ அந்தப் பணம் போகல. தன் கல்லூரியில் படிச்ச ஒரு பையன் ஒலிம்பிக் போட்டிக்குப் போய் மல்யுத்தம் செய்யணும், அதுக்காக!

வருஷம் 1952. அந்தப் பையன் பேரு கஷாபா தாதாசாகேப் ஜாதவ். சுருக்கமா கே.டி.ஜாதவ். அந்தப் பணத்தோட ஹெல்சின்கி போன அவர் வெண்கலப் பதக்கத்தோட திரும்பி வந்தார். சுதந்திர இந்தியா சார்பில் ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் ஆள் இவர்தான்.

இவருக்கு அடுத்து இன்னொரு இந்தியர் தனிநபர் பதக்கம் வாங்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? 44 வருஷம்! 1996-ல் அட்லாண்டாவில் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வாங்கின வெண்கலம்தான் அடுத்தது.

இப்போ எதுக்கு இந்தக் கதை?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனோ பொண்ணோ மல்யுத்தத்துக்குப் போறேன்னு சொன்னா வீட்டில் முதல்ல வர்ற கேள்வி, இதுல என்ன கிடைக்கப் போகுதுங்கிறதுதான். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்னு மழையை நம்பி வாழுற குடும்பங்கள். இல்லைன்னா சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை நம்பியிருக்கும் வீடுகள். அந்தக் கேள்வி வர்றதுல தப்பே இல்ல.

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டின்னு ஒவ்வொரு படியா ஏறணும். ஒவ்வொரு படியிலும் பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, பள்ளிக்கு லீவு. நடுவுல ஒரு இடத்துல தோத்தாலும் போதும், ஊர்ல நாலு பேர் சிரிக்கிறாங்க. இதையெல்லாம் தாண்டி நிற்க தில் வேணும்னு சொல்றோம். சரி, அந்த தில் எங்கிருந்து வருது? தனி ஒருத்தன் மனசுல இருந்து மட்டும்தானா?

ஜாதவ் வாழ்க்கையைப் பார்த்தா இதுக்குப் பதில் கிடைக்கும்.

கோலேஷ்வர் கிராமத்துக் கடைக்குட்டி

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில், கராட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன கிராமம் கோலேஷ்வர். கிருஷ்ணா ஆறும் கொய்னா ஆறும் கலக்கிற இடம் கராட். வெள்ளாறும் கொள்ளிடமும் எல்லை கட்டியிருக்கிற நம்ம பெரம்பலூர், அரியலூர் மாதிரியே ஆத்தோரத்து விவசாய பூமி.

அங்கே 1926 ஜனவரி 15-ல் பிறந்தவர் ஜாதவ். அஞ்சு அண்ணன் தம்பிகளில் கடைக்குட்டி. அப்பா தாதாசாகேப் ஒரு பயில்வான். அஞ்சு வயசிலேயே பையனை மண் கோதாவில் இறக்கிவிட்டார்.

அரசியல்வாதி தேர்தல்ல நின்னா 'கோதாவில் குதித்தார்'னு நாம தலைப்பு போடுறோம் இல்லையா? அந்த கோதாதான் இது. பயில்வான்கள் குஸ்தி போடுற மண் களம்.

கராட்டில் உள்ள திலக் உயர்நிலைப் பள்ளியில் 1940 முதல் 1947 வரை படிச்சார். காலையில் கோதா, பகலில் பள்ளி, சாயங்காலம் மறுபடியும் கோதா. இதுக்கு நடுவுல 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தது. அப்போ தலைமறைவாக இருந்த போராளிகளுக்கு இடம் கொடுக்கிறது, அவங்க கடிதங்களைக் கொண்டு சேர்க்கிறதுன்னு பள்ளி வயசிலேயே அதிலும் இறங்கினார்.

ஆக, அவர் பள்ளியை முடிச்ச 1947-ல்தான் நாடும் சுதந்திரம் வாங்குச்சு.

'நீ ரொம்ப ஒல்லி' என்று ஒதுக்கப்பட்டவர்

பள்ளி முடிஞ்சதும் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி. கோலாப்பூர்னா குஸ்திக்குப் பேர் போன ஊர். மன்னர் குடும்பமே பயில்வான்களை ஆதரிச்ச இடம்.

ஜாதவ் உயரம் சுமார் அஞ்சரை அடிதான். பார்த்தா பயில்வான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கல்லூரி ஆண்டு விளையாட்டு விழாவில் மல்யுத்தத்துக்குப் பேர் கொடுக்கப் போனப்ப, உடம்பைப் பார்த்துட்டு விளையாட்டு ஆசிரியர் சேர்த்துக்க மறுத்துட்டார்னு ஒரு சம்பவம் சொல்வாங்க.

வேற ஒருத்தரா இருந்தா அழுதுட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பியிருப்பார். ஜாதவ் நேரா கல்லூரி முதல்வர்கிட்ட போய் நின்னார். முதல்வர் அனுமதி கொடுத்தார். கோதாவில் இறங்கி, தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களைச் சாய்ச்சார்.

இந்தச் சம்பவத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு கதவு மூடினா அதுக்கு அடுத்த கதவைத் தட்டுறது ஜாதவோட பழக்கம். பின்னாடி ரெண்டு தடவை இதே பழக்கம்தான் அவரைக் காப்பாத்துச்சு.

மண் கோதா வேற... மேட் வேற!

1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஜாதவுக்கு வாய்ப்பு கிடைச்சது. பயணச் செலவை கோலாப்பூர் மகாராஜா ஏத்துக்கிட்டார். ஆனா லண்டன் போய் இறங்கினதும் ஒரு பெரிய பிரச்சினை. அங்கே மண்ணே இல்ல!

நம்ம ஊர் குஸ்தியில், எதிராளியோட முதுகை மண்ணில் படவைச்சா ஜெயிச்ச மாதிரி. புள்ளிக் கணக்குக்கு அங்கே பெரிசா வேலை இல்ல. மண் கால்ல ஒட்டும், வேர்வையில் பிடி வழுக்காம இருக்கவும் அதே மண் உதவும். ஆட்டம் நிதானமா போகும்.

ஒலிம்பிக்கில் நடக்கிற ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் மேட் மேல. கால் வேகமா நகரும். ஒவ்வொரு பிடிக்கும் கணக்கு உண்டு, நேரக் கட்டுப்பாடு உண்டு. எதிராளியைச் சாய்க்காமலே புள்ளியில் ஜெயிக்கலாம், புள்ளியிலேயே தோற்கவும் செய்யலாம்.

மண்ணிலேயே வளர்ந்த 22 வயசு ஜாதவுக்கு இது எல்லாமே புதுசு. அமெரிக்காவைச் சேர்ந்த ரீஸ் கார்ட்னர் என்ற பயிற்சியாளர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அதுக்கு அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். 52 கிலோ ஃப்ளைவெயிட் பிரிவில் ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸ், அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகன் ரெண்டு பேரையும் வீழ்த்தினார். ஈரானின் மன்சூர் ரயிசிகிட்ட தோத்தார். கடைசியில் 6-வது இடம்.

புதுசா பழகின விதிகளோட உலகத்தில் ஆறாவது இடம்! பதக்கம் இல்லைன்னாலும், தன்னால முடியும்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஊர் திரும்பி அடுத்த நாலு வருஷம் பயிற்சியைக் கடுமையாக்கினார். எடைப்பிரிவும் ஒரு படி ஏறி 57 கிலோ பேன்டம்வெயிட் ஆச்சு.

மெட்ராஸ்ல போன ஒரு புள்ளி

இந்த இடத்துல கதை நம்ம ஊருக்கு வருது. ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்கு முன்னாடி மெட்ராஸில் தேசியப் போட்டி நடந்தது. அதில் ஜாதவுக்கு வெற்றியாளரைவிட ஒரே ஒரு புள்ளி குறைச்சல். ஒலிம்பிக் அணியில் இடம் இல்ல.

நடுவர்கள் வேணும்னே தனக்கு ஒரு புள்ளி குறைச்சுப் போட்டாங்க, வேண்டப்பட்டவங்களுக்குச் சாதகமா நடந்தாங்க என்பது ஜாதவோட குற்றச்சாட்டு. பள்ளி அளவில் விளையாடுற பிள்ளைங்க கேட்டா, 'இது நமக்கும் நடந்திருக்கே'ன்னு தோணலாம்.

ஜாதவ் என்ன பண்ணார்? மறுபடியும் அடுத்த கதவு! பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங்கிடம் நேரடியா முறையிட்டார். அப்போ இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரே அவர்தான். மகாராஜா தகுதிப் போட்டியில் ஜாதவுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்க ஏற்பாடு செஞ்சார். ஜாதவ் சலுகையா இடம் கேட்கல, மோதிப் பார்க்க ஒரு வாய்ப்புதான் கேட்டார். கிடைச்ச வாய்ப்பில் எதிராளியைச் சாய்ச்சு அணிக்குள்ள வந்துட்டார்.

இடம் கிடைச்சது... பணம்?

அடுத்த தடை பணம். அந்தக் காலத்தில் ஒலிம்பிக் போற வீரர் தன் செலவுக்குத் தானே வழி பார்க்கணும். அரசுத் தரப்பில் தேவையான அளவு பணம் கிடைக்கல. ஜாதவும் அவரைச் சேர்ந்தவங்களும் ஊர் ஊரா, வீடு வீடா போய் நிதி கேட்டாங்க. கோலேஷ்வர் மக்கள் தங்களால முடிஞ்சதைக் கொடுத்தாங்க.

அப்பவும் பணம் பத்தல. அப்போதான் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டிகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பையன் ஜெயிப்பானா என்பதே தெரியாது. ஜெயிச்சாலும் அந்தக் காலத்தில் பரிசுத் தொகை, அரசு வேலைன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. தோத்து வந்தா வீடு போயிடும். தன் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வார்? இவ்வளவு ரிஸ்க்கையும் தெரிஞ்சேதான் அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டார்.

ஹெல்சின்கியில் நடந்தது என்ன?

1952 ஜூலை. 26 வயசு ஜாதவ் பின்லாந்து தலைநகர் ஹெல்சின்கியில். கனடாவின் அட்ரியன் போலிக்வின், மெக்சிகோவின் லியனார்டோ பசுர்டோ, ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் ஷ்மிட்ஸ் என வரிசையா ஜெயிச்சார்.

அப்போ இருந்த முறைப்படி ஒரு தோல்வியோட வீரர் வெளியே போயிட மாட்டார். தோற்றாலோ, சாய்க்காம புள்ளியில் மட்டும் ஜெயிச்சாலோ தண்டப் புள்ளிகள் சேரும். அது ஒரு அளவைத் தாண்டினாதான் வெளியேறணும். அதனால கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு மோதலும் முக்கியம்.

ஜப்பானின் ஷோஹாச்சி இஷியோட நடந்த ஆட்டம் ரொம்ப நேரம் நீடிச்சது. கடைசியில் ஜாதவ் தோத்தார். உடம்பில் தெம்பே இல்ல. ஆனா, உடனே சோவியத் வீரர் ரஷீத் மமத்பெயோவோட மோதச் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு சொல்லப்படுது.

ரெண்டு மோதலுக்கு நடுவில் குறைஞ்சது அரை மணி நேரம் ஓய்வு கொடுக்கணும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்க ஜாதவ் பக்கத்தில் ஒரு இந்திய அதிகாரிகூட இல்ல. மொழி தெரியாத ஊர். தட்டுறதுக்கு அடுத்த கதவும் இல்ல. அவர் மேட் மேல ஏறினார், தோத்தார்.

இஷிக்குத் தங்கம், மமத்பெயோவுக்கு வெள்ளி. ஜூலை 23-ம் தேதி ஜாதவ் கழுத்தில் வெண்கலம். அதே ஒலிம்பிக்கில் இன்னொரு இந்திய மல்யுத்த வீரர் கேசவ் மங்காவே நாலாவது இடம் பிடிச்சு, பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டார்.

சரி, நார்மன் பிரிட்சார்ட் யாரு?

சிலர் கேட்கலாம்: 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே நார்மன் பிரிட்சார்ட் இந்தியாவுக்காக ரெண்டு வெள்ளி வாங்கலையான்னு. உண்மைதான். கொல்கத்தாவில் பிறந்த அவர் ஓட்டப் பந்தயத்தில் வாங்கின பதக்கங்கள் அவை. ஆனா, அது பிரிட்டிஷ் ஆட்சிக் காலம். அதனாலதான் ஜாதவை 'சுதந்திர இந்தியாவின்' முதல் தனிநபர் பதக்க வீரர்னு சொல்றோம்.

1952-ல் இந்திய ஹாக்கி அணி தங்கம் வாங்கிச்சு. அந்தக் கொண்டாட்டத்துல ஜாதவோட வெண்கலம் தேசிய அளவில் பெரிசா பேசப்படல.

151 மாட்டு வண்டி, 7 மணி நேரம்

தேசம் கவனிக்கலைன்னாலும் சொந்த ஊர் விடல. கராட் ரயில் நிலையத்தில் இருந்து ஊருக்கு 151 மாட்டு வண்டிகளோட ஊர்வலம். வழக்கமா கால் மணி நேரத்தில் கடக்கிற தூரத்தைக் கடக்க அன்னைக்கு 7 மணி நேரம் ஆச்சுன்னு இன்னிக்கும் அங்கே பேசிக்கிறாங்க. நிதி கேட்டுப் போனப்ப காசு போட்ட கைகள் எல்லாம் அன்னைக்கு வண்டி ஓட்டிச்சு.

ஊர்வலம் முடிஞ்சதும் ஜாதவ் செஞ்ச முதல் வேலைகளில் ஒண்ணு, குஸ்திப் போட்டிகள் ஏற்பாடு பண்ணது. அதில் வந்த பணத்தை வைத்து கர்டிகரோட வீட்டு அடமானத்தை மீட்டுக் கொடுத்தார். பதக்கத்தைவிட இந்த ஒரு விஷயம்தான் அவர் யாருன்னு காட்டுது.

பதக்கத்துக்குப் பிறகு...

1955-ல் பம்பாய் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். அடுத்த ஒலிம்பிக்குக்கும் ஆசை இருந்தது. ஆனா, முழங்கால் காயத்தால 1956 மெல்போர்ன் வாய்ப்பு கைவிட்டுப் போச்சு. காவல்துறையில் 27 வருஷம் வேலை பார்த்து உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். 1982 டெல்லி ஆசியப் போட்டியின் ஜோதி ஓட்டத்தில் அவரும் கலந்துக்கிட்டார்.

ஓய்வு காலம் நிம்மதியா இல்ல. ஓய்வூதியத்துக்காகவே அவர் போராட வேண்டியிருந்தது. வருமானமும் இல்லாம, அங்கீகாரமும் இல்லாம கழிஞ்ச நாட்கள். 1984 ஆகஸ்ட் 14-ல் சாலை விபத்தில் இறந்தார். வயசு 58.

விருதுகள் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். மகாராஷ்டிர அரசின் சத்ரபதி விருது 1990-களில். அர்ஜுனா விருது, இறந்து 16 வருஷம் கழிச்சு 2000-ம் ஆண்டுக்காக. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டின மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர். 2023-ல் அவரோட 97-வது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டுச்சு.

தில் மட்டும் போதுமா?

ஜாதவ் கதையை நாம வழக்கமா தன்னம்பிக்கைக் கதையாத்தான் சொல்வோம். விழுந்தார், எழுந்தார், ஜெயிச்சார். பொய்யில்ல. ஆனா பாதிதான்.

திரும்ப ஒரு தடவை வரிசையா பாருங்க. கல்லூரியில் ஒதுக்கினப்ப முதல்வர் நின்னார். லண்டனில் மேட் புதுசா இருந்தப்ப ஒரு பயிற்சியாளர் நின்னார். மெட்ராஸில் புள்ளி போனப்ப ஒருத்தர் முறையீட்டைக் காது கொடுத்துக் கேட்டார். பணம் இல்லாதப்ப ஊரே நின்னுச்சு, ஒருத்தர் வீட்டையே கொடுத்தார். அந்த இடத்தில் எல்லாம் ஜாதவ் ஜெயிச்சார்.

ஹெல்சின்கியில் அரை மணி நேர ஓய்வு கேட்க யாரும் இல்ல. ஓய்வூதியம் கேட்டு அலைஞ்சப்பவும் பெரிசா யாரும் துணைக்கு வரல. அந்த ரெண்டு இடத்துலயும் அவருக்கு தில் குறையவே இல்ல. ஆனா தோத்தார்.

விடாமுயற்சி வீரனோட வேலை. அவன் கூட நிற்கிறது மத்தவங்க வேலை. இது ரெண்டும் சேர்ந்தாதான் பதக்கம்.

ஜாதவ் திறந்துவிட்ட பாதையில் அடுத்த மல்யுத்தப் பதக்கம் வர 56 வருஷம் ஆச்சு. 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார். அப்புறம் யோகேஷ்வர் தத், சாக்‌ஷி மாலிக், ரவி தஹியா, பஜ்ரங் புனியான்னு பட்டியல் நீண்டது. 2024 பாரிஸில் அமன் ஷெராவத் வெண்கலம் வாங்கினார். எந்த எடைப்பிரிவு தெரியுமா? ஃப்ரீஸ்டைல் 57 கிலோ. 72 வருஷத்துக்கு முன்னாடி ஜாதவ் வாங்கின அதே எடை, அதே வெண்கலம்!

மல்யுத்தம் இல்லைன்னாலும் நம்ம பக்கத்துக்கும் ஒரு உதாரணம் இருக்கு. 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணியில் விளையாடின கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர்தான். பெரிய வசதி இல்லாத ஊரில் இருந்தும் இந்திய ஜெர்சி வரைக்கும் போக முடியும்.

ஜாதவ் வாழ்க்கை: ஒரு பார்வை

- 1926: கோலேஷ்வர் கிராமத்தில் பிறப்பு
- 1940-47: கராட் திலக் உயர்நிலைப் பள்ளி
- 1948: லண்டன் ஒலிம்பிக், 52 கிலோ பிரிவில் 6-வது இடம்
- 1952: ஹெல்சின்கி ஒலிம்பிக், 57 கிலோ பிரிவில் வெண்கலம்
- 1955: பம்பாய் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்
- 1984: சாலை விபத்தில் மரணம்
- 2000: மறைவுக்குப் பின் அர்ஜுனா விருது

அடுத்த தடவை உங்க தெருவில் ஒரு பள்ளிப் பிள்ளை, மாவட்டப் போட்டிக்குப் போகணும், பஸ் காசு வேணும்னு தயங்கித் தயங்கி வந்து நின்னா, அவங்க உடம்பை மேலும் கீழும் பார்க்காதீங்க. வீட்டையெல்லாம் அடமானம் வைக்க வேண்டாம். பஸ் காசைக் கொடுத்து, முடிஞ்சா கூடவே போய் மேட் பக்கத்துல நில்லுங்க.